ஆறு கட்டாகப் பிரித்த புத்தகம்

எட்டாம் வகுப்பு முடிந்த கடைசி நாளன்று எங்கள் தலைமையாசிரியர் ஒரு புத்தகத்தை எங்கள் கண்முன்னாலேயே பிளேடால் அறுத்தார். பென்சில் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பிள்ளைகள் நாங்கள். அவரோ அட்டையைக் கழற்றி, முதுகில் ஓடிய நூலை முடிச்சு முடிச்சாக வெட்டி, பக்கங்களை ஆறு கட்டாகப் பிரித்து மேசைமேல் வைத்தார். மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்படி ஒன்றும் இல்லை. யுத்த காலம் அது. காகிதம் என்பதே கண்ணில் படாது. சேலத்துக்குப் போய் அலைந்து அவர் வாங்கி வந்தது ஒரே ஒரு பிரதி. தருமபுரி ஹைஸ்கூலில் சேரப் போகிறவர்கள் நாங்கள் ஆறு பேர். அங்கே போகுமுன் கோடை லீவில் ஒரு நல்ல புத்தகமாவது படித்திருக்க வேண்டும், அதுவும் ராஜா ராணிக் கதையாக இல்லாமல் ஒரு மனிதன் பட்டதைப் பட்டபடி எழுதிய புத்தகமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதனால் ஆளுக்கு ஒரு கட்டு.

"படிச்சு முடிச்சு ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்குங்கடா. ஹைஸ்கூல் தெறக்கற அன்னிக்குக் காலையில ஆறு பேரும் கட்டோட இங்க வரணும். நானே தெச்சு அட்டை போட்டுட்டு, உங்களக் கூட்டிட்டுப் போயிச் சேத்து உடறேன். ஒருத்தன் வராட்டியும் புஸ்தகம் மொண்டிதான்" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் பார்வை வரிசையின் கோடியில் இருந்த வத்தல்மலைப் பையன்மேல் போய் நின்றது. அந்த மலையிலிருந்து எட்டாவது தேறிய முதல் ஆள் அவன்தான். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில், தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தங்கிப் படித்தான். லீவுக்கு மலையேறுகிறவன் திரும்பி வருவானா, வரவிடுவார்களா என்பது எங்கள் எல்லோருக்கும் இருந்த கவலை. உட்கார்ந்திருந்த வரிசைப்படி கொடுத்ததில் எனக்கு ஐந்தாம் கட்டு வந்தது. கடைசிக் கட்டு அவனுக்கு. அன்று மத்தியானமே அதைத் துண்டில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டான்.

மற்ற ஐந்து பேரும் ஒரே ஊர். பத்து நாளில் ஐந்து கட்டையும் மாற்றி மாற்றிப் படித்துத் தீர்த்துவிட்டோம். என்ன சொல்வேன் போங்கள்! அப்படி ஒன்றை நான் அதற்கு முன் படித்ததில்லை. ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்த ஒரு தமிழர் எழுதியது. குண்டு விழ ஆரம்பித்ததும் அவரும் அவர் தம்பியும் ஊரை விட்டு ஓடுகிறார்கள். கப்பலில் இடம் இல்லை. நடக்கிறார்கள். காடு, சேறு, மலை, மறுபடியும் மலை. செருப்பு அறுந்து போனதும், காலில் புண் வந்ததும், ஒரு கை அரிசியை மூன்று நாளுக்கு வைத்துக்கொண்டதும் எல்லாம் எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என் காலையே பார்த்தேன். புத்தகத்தில் வருகிறவர்களுக்குக் காலில் புண் வரும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

பொறுக்க முடியாமல் தலைமையாசிரியர் வீட்டுக்கே ஓடினேன். "சார், இது நெசமாவே நடந்துதுங்களா?"

"நடந்ததுதான்டா. எழுதுனவரு இன்னைக்கும் உசுரோட இருக்கறாரு. நம்மள மாதிரிதான், சோறு தின்னுட்டு, பேப்பர் படிச்சிட்டு."

மில்லில் மூட்டை எண்ணிய ஒரு மனிதர், தனக்கு நடந்ததை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அதை எங்கேயோ அச்சடித்து, அது இந்தப் புளியமரத்து ஊருக்கு வந்து என் மடியில் கிடக்கிறது. இதைவிடப் பெரிய அதிசயம் என் வாழ்நாளில் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் ஐந்தாம் கட்டு என் உயிரை வாங்கியது. அதில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. அண்ணன் முதுகில் சுமந்துகொண்டு ஒரு மலையேறுகிறார். உச்சியில் ஒரு குடிசை. பாஷை தெரியாத மலைக்காரர் ஒருவர், அவர் மனைவி. இருவரும் தம்பியை இறக்கிப் படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றுகிறார்கள். 'இவனை விட்டுவிட்டு நீ போ, இன்னும் தூக்கிக்கொண்டு நடந்தால் செத்துப்போவான்' என்று அந்த மனிதர் கையால் காட்டுகிறார். அண்ணன் அழுதுகொண்டே கிளம்புகிறார். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இப்படி நின்றது: 'வளைவில் திரும்பிப் பார்த்தேன். என் தம்பி'. அவ்வளவுதான். மிச்சம் வத்தல்மலைமேல் இருந்தது.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சித்தப்பா புளி ஏற்றிவரக் கழுதைகளோடு மலைக்குப் போகிறவர். நானும் வருவேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம் பிடித்தேன். "இந்தச் சனியனக் கட்டி மாரடிக்க முடியாதுடா சாமி" என்று கூட்டிக்கொண்டு போனார். விடியற்காலையில் கிளம்பி, உச்சிவெயிலில் மேலே போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் எனக்கு அந்த அண்ணன் தம்பி நினைப்புதான். முதுகில் ஓர் ஆளையும் சுமந்துகொண்டு இந்த மாதிரி ஏற்றம் ஏறினாரா என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது. நான் வெறுங்கையோடு ஏறியே நாக்குத் தள்ளிவிட்டது.

பையன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். அடுத்த நிமிஷமே முகம் விழுந்துவிட்டது. உள்ளே போய்த் துணியில் சுற்றிய கட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

"நீயே எடுத்துட்டுப் போயி சார்கிட்டக் குடுத்துருடா. நான் வரல. எட்டு படிச்சது போதும்னு அப்பா சொல்லிட்டாரு. சாமை வெதைக்க ஆளில்ல, ஆடு மேய்க்க ஆளில்ல."

என் கை தானாகவே முன்னால் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அவன் படிப்பு நினைவில் வரவில்லை. தம்பி பிழைத்தானா செத்தானா என்பது அந்தத் துணிக்குள் இருந்தது. துணியில் விரல் பட்ட பிறகுதான் உறைத்தது. இதை நான் வாங்கிக்கொண்டு போய்விட்டால் இவன் கீழே இறங்கிவர ஒரு காரணமும் இருக்காது.

"போடா! உங்கிட்டக் குடுத்தது, நீயே கொண்டாந்து குடு" என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அதற்குள் அவன் அப்பா வந்தார். பின்னாலேயே அக்கம்பக்கத்துக் குடிசைகளிலிருந்து பத்துப் பேர் வந்துவிட்டார்கள். என்ன என்று பார்த்தால், லீவுக்கு வந்த நாளிலிருந்து பையன் அந்தக் கட்டைப் பொழுது சாய்கிற நேரத்தில் அவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை. அவர்களிடம் தலையில்லாத வால் இருந்தது. என்னிடம் வாலில்லாத தலை.

"கீழ இருந்து முன்கதை தெரிஞ்ச புள்ள வந்துருக்குதாம்" என்று ஒரு அம்மாள் குரல் கொடுத்தாள்.

அவன் அப்பா என் எதிரில் குந்தினார். "ஏங்கண்ணு, எங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லிரு. அந்தத் தம்பிய ஆறு மாசம் வூட்டுல வெச்சுக் காப்பாத்தி, அவங்கம்மாகிட்ட அனுப்பி வெச்சாங்களே, அவங்க யாரு? எந்தச் சனம்? இந்தக் கட்டுல அவங்க, அவங்கன்னே வருது. அது தெரியாம எங்களுக்குத் தூக்கமில்ல."

அட! தம்பி பிழைத்துவிட்டான்! நான் மலையேறி வந்த முடிவை அவர் ஒரு கேள்வியில் போட்டு உடைத்துவிட்டார். நான் குதித்தேன், சிரித்தேன், கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்தத் துடுக்குப் புத்தி வந்தது.

"சொல்ல மாட்டேனுங்க" என்றேன். "அது யாருன்னு தெரிஞ்சா நீங்க அசந்து போயிருவீங்க. ஆனா சொல்ல மாட்டேன். உங்க பையனக் கட்டோட கூட்டிக்கிட்டு, ஹைஸ்கூல் தெறக்கற அன்னிக்கு எங்க பள்ளிக்கூடத்துக்கு வாங்க. அங்க படிச்சுக் காட்டறோம்."

சித்தப்பா என் காதைப் பிடித்துத் திருகினார். "பெரியவங்ககிட்டப் பேசற பேச்சாடா இது? சொல்லித் தொலை!" நான் வாயைத் திறக்கவில்லை. பையனின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "இத்தினியூண்டு மொளகா, என்னா காரம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இறங்கி வரும்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டது. அவர்கள் கேட்டதை நான் கொடுக்கவில்லை. கட்டும் போய், பையனும் வராமல் போனால்? தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "கைக்கு வந்ததையா உட்டுட்டு வந்த?" என்று மட்டும் கேட்டார். லீவில் மிச்சம் இருந்த நாளெல்லாம் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அந்த நாள் வந்தது. காலையில் ஐந்து பேர் ஐந்து கட்டோடு நின்றோம். தலைமையாசிரியர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ரோட்டையே பார்த்தோம். முதல் கட்டைத் தைத்தார். இரண்டாவதையும் தைத்தார். ஐந்தாவதும் தைத்தாகிவிட்டது. நூலை அறுக்காமல் ஊசியைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

ரோட்டில் ஒரு சின்னக் கூட்டம் தெரிந்தது. முன்னால் பையன், தலையில் எண்ணெய் வழிய. பின்னால் அவன் அப்பா, கட்டைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் ஆணும் பெண்ணுமாக ஏழெட்டு மலைக்காரர்கள்.

"எங்க அந்த மொளகா?" என்றார் அவன் அப்பா. "எம்பையன் வந்துட்டான். இப்பச் சொல்லு."

தலைமையாசிரியர் அவர்களை உட்கார வைத்தார். "ஹைஸ்கூல் எங்கியும் ஓடிப்போயிராது. நாளைக்குச் சேந்துக்கலாம்" என்றவர் ஆறாம் கட்டையும் தைத்துப் புத்தகத்தை எங்கள் கையில் கொடுத்தார். முதல் வரியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாக, மாறி மாறிப் படித்தோம். வழியில் போன வண்டிக்காரர்கள்கூட மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். குண்டு விழுந்தபோது இரண்டு பேர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். செருப்பு அறுந்தபோது ஒரு அம்மாள் "ஐயோ சாமி" என்றாள். மத்தியானத்துக்கு மேல் ஐந்தாம் கட்டு என் முறைக்கு வந்தது. குடிசை வந்தது. மலைக்காரர் வந்தார். தம்பியை இறக்கிப் படுக்க வைத்தார்.

"நிறுத்து" என்றார் அவன் அப்பா. "மலைக்காரங்களா?"

"ஆமாங்க."

"நெசமா அப்படித்தான் எழுதியிருக்குதா? மலைமேல இருக்கற சனமா?"

"அரிசி மாதிரிச் சின்னதா ஒரு தானியத்துல கஞ்சி காச்சி ஊத்துனாங்கன்னு எழுதியிருக்குதுங்க."

"சாமையாத்தான் இருக்கும்" என்றாள் அந்த அம்மாள், தான் கூட இருந்து பார்த்தவள்போல.

அவர் எழுந்து என்னிடம் வந்தார். "எங்க, அந்த எடத்தக் காட்டு." காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரிமேல் விரலை வைத்து, அழுத்தினால் அழிந்துவிடுமோ என்கிற மாதிரி மெதுவாகக் கடைசிவரை ஓட்டினார். அப்புறம் புத்தகத்தை வாங்கி மகனிடம் கொடுத்தார். "நீ படி."

அவன் படித்தான். மறுபடியும் படிக்கச் சொன்னார், படித்தான். எங்களைப் போன்ற சாதாரணப் பிள்ளைகளின் நடுவே ஏதோ பெரியது வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

"அந்த மனுசன் பேரு என்ன?" என்றார் அவர்.

பையன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். ஆறாம் கட்டிலும் தேடினான். "பேரு போடலீங்கப்பா."

"ஏன் போடல?"

"பாஷை தெரியாதுங்களே" என்றேன் நான்.

"பேரு கேக்கறதுக்கு என்னாத்துக்குப் பாசை? நெஞ்சத் தொட்டுக் காட்டுனா சொல்லிட்டுப் போறான்." அவர் குரலில் கோபம் இருந்தது. "ஆறு மாசம் கஞ்சி ஊத்துன மனுசன். அவன் பேரக் கேக்காம எப்படி எழுதுனாரு?" பிறகு எங்கள் ஆறு பேரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார்: "நீங்க எழுதறப்பப் பேரு கேட்டு எழுதுங்கடா."

கடைசி வரிவரை இருந்து கேட்டுவிட்டு, மகனைத் தலைமையாசிரியரிடம் விட்டுவிட்டு, அவர்கள் மலையேறிப் போனார்கள். மறுநாள் நாங்கள் ஆறு பேரும் ஹைஸ்கூலில் சேர்ந்தோம்.

அந்த ஆறு பேரில் எழுத வந்தவன் நான் ஒருவன்தான். ஹைஸ்கூல் ரிஜிஸ்தரில் தினமும் அந்த வத்தல்மலைப் பையன் பெயரைக் கூப்பிடுவார்கள். பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக அவன் அப்பா இருந்தார். வருஷக்கணக்காக அந்த எழுத்தைக் காதால் கேட்டேன். அதன் மிச்சம் என்ன என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.