கிளினிக் சோதனையில் நான் சித்தியடைந்த கதை

கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டி பின்கழுத்தில் உரசுகிற உரசலை இன்று நினைத்தாலும் என் தோள்கள் தாமாகவே மேலே ஏறுகின்றன. வகுப்பில் எல்லாருக்கும் அதே சட்டைதான், அதே கஞ்சிதான். மற்றப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு கணக்குச் செய்தார்கள், எனக்கோ பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து விடுகிறவரை அந்தக் கழுத்துப்பட்டியே பாடமாக இருந்தது. அதோடு வேலியில் தலையாட்டும் ஓணான், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, முன்வாங்கில் இருந்தவளின் பின்னலில் அவிழ்ந்து தொங்கும் றிபன் எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது எதற்குப் போவது என்று தெரியாமல் எழும்பி நிற்பேன். ஏன் எழும்பினாய் என்று ரீச்சர் கேட்டால் எனக்கே தெரியாது.

உடுப்பிட்டியில் எங்கள் வீட்டில் இதற்கு வைத்திருந்த பெயர் "பராக்கு". அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் பராக்கு, தண்ணீர்ப் போத்தலை வாரத்துக்கு ஒன்றாகத் தொலைத்தால் பராக்கு, சீனி வாங்கக் கடைக்குப் போனவள் ஒழுங்கையில் எறும்பு பார்த்துக் குந்தியிருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் அதுவும் பராக்கு. "உவள் சோறு தின்னேக்கையும் எங்கையோ போயிட்டுத்தான் வாறாள்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அந்த நாட்களில் அம்மாவின் கோபத்துக்குள் கொஞ்சம் இரக்கமும் இருந்தது. அதை இங்கே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு அது இல்லாமற் போய்விட்டது.

நாலாம் வகுப்பு முடிகிற நேரம், அடுத்த வருடம் புலமைப்பரிசில் சோதனை என்று ஊரே பிள்ளைகளைப் பிடித்து ரியூசனுக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோது, வகுப்பு ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "பிள்ளை மொக்கில்லை. ஆனால் ஒரு இடத்திலை இருக்கிறாள் இல்லை. ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டிப் பாருங்கோ." ரீச்சர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் தெரியவேண்டும். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும் இடப்பெயர்வில் அகப்பட்டுப் பல்கலைக்கழகம் போக முடியாமல், தோட்டத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்கிற அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். உலகத்தில் எந்தப் பூட்டுக்கும் சோதனைதான் திறப்பு என்றும், எந்தச் சோதனைக்கும் பழைய வினாத்தாளான "பாஸ்பேப்பர்" கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்றும் மனதார நம்பினார். அம்மாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் பாஸ்பேப்பரிலேயே வளர்ந்த சனம்.

முதல்முறை ரவுண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெயர் பதிந்து, வீட்டுக்கொன்று பள்ளிக்கூடத்துக்கொன்று என்று இரண்டு படிவங்களைத் தந்து, இரண்டு மாதம் கழித்து வரச்சொல்லித் திகதியும் போட்டுவிட்டார்கள். காத்திருந்த வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் கொழும்புத்துறையிலிருந்து வந்த ஒரு பெண் தன் மகனை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தார். மகனுக்கு ஓட்டிசம் என்று முந்திய வருடம் சொல்லிவிட்டார்களாம், அதை ஒளிக்காமலே சொன்னார். அம்மா குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்கை என்ன அக்கா கேக்கிறவை?" என்றார்.

"பேப்பரிலை ஒரு ஆளின்ரை படம் கீறச் சொன்னவை. கட்டை அடுக்கச் சொன்னவை. எண்ணைப் பின்னாலை இருந்து சொல்லச் சொன்னவை. இவன் முகத்தைப் பாத்துக் கதைக்கேல்லை, கதிரையிலை இருக்கேல்லை, எல்லாத்தையும் எழுதினவை. நல்லதுக்குத்தான் தங்கச்சி. இப்ப கிழமைக்கு ஒருக்காக் கதைக்கப் பழக்கினம். ஏழெட்டுச் சொல்லுச் சொல்லுறான்."

அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவின் காதில் அது ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, ஆள் கீறுதல், கட்டை அடுக்குதல், எண் தலைகீழ், முகம் பார்த்தல், கதிரையில் இருத்தல் என்று கோடு போட்டுத் தலைப்பிட்டு எழுதினார்.

அப்பாவுக்கு இது சரியாகப் படவில்லை. "டொக்டர் பாக்கட்டுமன். நீ ஏன் முதலே சோதினை வைக்கிறாய்?" என்றார். "உங்களுக்கு விளங்காது. உந்தக் கிளினிக் துண்டிலை ஒருக்கா எழுதிப்போட்டால் பிறகு ஆராலையும் அழிக்கேலாது. ரீச்சர் கடைசி வாங்கிலை இருத்துவா. நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கையும் அந்தத் துண்டுதான் முன்னுக்கு வரும். பொம்பிளைப் பிள்ளையப்பா" என்று அம்மா சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதமும் பின்னேரங்களில் எனக்கு வேறு வேலையே இல்லை. மேசையில் மணிக்கூடு, எதிரே அம்மா, அம்மாவின் மடியில் பூவரசங்கம்பு. இருபது நிமிடம் கதிரையில் அசையாமல் இருக்க வேண்டும். கால் ஆடினால் காலில் விழும், கை பறந்தால் கையில் விழும், பிறகு முதலிலிருந்து இருபது நிமிடம். ஆள் கீறினால் கைக்கு ஐந்து விரல் எண்ணிப் போட வேண்டும். ஏழு நாலு இரண்டு ஒன்பது என்றால் ஒன்பது இரண்டு நாலு ஏழு. முகத்தைப் பார்த்துக் கதைப்பதுதான் கொடுமை. கண்ணைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகும் என்பதால் அம்மாவின் பொட்டைப் பார்த்துக் கதைக்கப் பழகினேன். கடைசியில் ஒரு வழியும் கண்டுபிடித்தேன். உடம்பில் துடிக்கிற அத்தனையையும் வலதுகாற் பெருவிரலுக்குள் இறக்கி, அதை நிலத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் மேலுக்கு நான் பிள்ளையார் சிலை. விரல் தோலுரிந்து இரத்தம் வரும். அதை அம்மா பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று அம்மா அடையாளமிட்டார். பள்ளிக்கூடப் படிவத்தோடு ஒரு சீப்புக் கதலிப்பழமும் கொண்டுபோய் ரீச்சர் வீட்டில் நின்று அழுதார். ரீச்சரும் இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். "வகுப்பில் அமைதியானவர்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக்கொடுத்தார். இதில் ஒருவர்கூட எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை.

டொக்டர் மெல்லிய, களைத்த முகமுடைய ஒரு பெண். பொட்டு வைத்திருக்கவில்லை. எங்கே பார்ப்பதென்று ஒரு கணம் திகைத்து, மூக்குக்கண்ணாடியின் நடுப்பாலத்தில் கண்ணை வைத்துக்கொண்டேன். ஆள் கீறினேன், பத்து விரலும் போட்டேன். கட்டை அடுக்கினேன். எண்களைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னேன். அவர் படிவங்களைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், திரும்பவும் புரட்டினார். ஏதோ இடித்திருக்க வேண்டும். பேனையை மூடிவைத்துவிட்டுக் குனிந்து கேட்டார்: "பிள்ளைக்கு ஏதும் கஷ்டம் இருக்கோ? அம்மாவை வெளியிலை இருக்கச் சொல்லட்டோ?"

இந்தக் கேள்வி கொப்பியில் இருக்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கைப்பையின் வாரை முறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளிறிப்போயிருந்தன. சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது. கழுத்துப்பட்டியை, வாய்ப்பாட்டை, கால்விரலைச் சொல்லியிருக்கலாம். "இல்லை டொக்டர்" என்றேன். மற்ற எல்லாம் அம்மா சொல்லித்தந்தது. அந்தப் பதில் மட்டும் நானே சொன்னது.

குறை ஒன்றும் காணப்படவில்லை, தேவையானால் மறுபடி வரவும் என்று எழுதித் தந்தார்கள். அன்று அம்மா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித்தந்து, பஸ்ஸில் என் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வல்லை வெளி தாண்டும்வரை அழுதார். "என்ரை பிள்ளை பாஸ்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என்னை நினைத்து அம்மா சந்தோஷத்தில் அழுதது அந்த ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் "பராக்கு" என்ற சொல் போய், "கொழுப்பு" வந்தது. டொக்டரே குறையில்லை என்று எழுதித்தந்த பிள்ளை போத்தலைத் தொலைத்தால் அது கொழுப்பு அல்லாமல் வேறென்ன? கிளினிக்கில் இருபது நிமிடம் இருந்தவளுக்கு ரியூசனில் இருக்க ஏலாதாமோ? புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. சாதாரணதரத்தில் கணிதத்தை மூன்று முறை எடுத்தேன். பதினைந்து, பதினாறு வயதில் எந்த நேரமும் இது நான் வேண்டுமென்று செய்வது, நான் கெட்டவள் என்று நானே முழுதாக நம்பினேன். நாளைக்கு விடியாமல் இருக்கவேண்டும் என்று கோயிலில் நின்று கும்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மா எனக்குப் பாடம் ஏறவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்று எனக்கு இருபத்தாறு வயது. மூன்று வேலையிடங்களில் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லக் கேட்டபிறகு, போன வருடம் நானாகவே கிளினிக்குக்குப் போனேன். நாங்கள் இருந்த வாங்கும் அந்தப் பழைய கட்டடமும் அங்கே இல்லை, மாடிக்கட்டடம் எழும்பியிருக்கிறது. கொழும்புத்துறைப் பெண்ணின் மகன் இப்போது எத்தனை சொல் கதைக்கிறானோ தெரியாது. புதிய டொக்டர், சிறுவயதில் நான் எப்படியிருந்தேன் என்று வீட்டில் பார்த்த ஒருவர் வந்து சொல்லவேண்டும் என்றார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மட்டும்தான் மிச்சம்.

அடுத்தமுறை கூடவந்த அம்மா பஸ்ஸில் கேட்டார்: "உள்ளுக்கை என்ன கேப்பினம் பிள்ளை? சொன்னியெண்டால் நான் யோசிச்சு வைப்பன்." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒண்டும் யோசிக்க வேண்டாம் அம்மா. நடந்ததைச் சொல்லுங்கோ" என்றேன்.

உள்ளே போனதும் அம்மாவின் வாயில் முதலில் வந்தது, "என்ரை பிள்ளை சின்னனிலை நல்ல அமைதி டொக்டர்." எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது. டொக்டர் ஒன்றும் எழுதாமல் காத்திருந்தார். குனிந்து என் காலைப் பார்த்த அம்மா பிறகு சொன்னார்: "அவள் தானா இருக்கேல்லை. நான்தான் அடிச்சு இருத்தினனான். ரண்டு மாதம். கால்விரல் புண்ணானதும் எனக்குத் தெரியும்."

சில கிழமைகளில் இது கவனக்குறைபாடு என்று சொல்லிக் குளிசை தந்தார்கள், ஒவ்வொரு வேலையையும் சிறு துண்டுகளாகப் பிரித்துச் செய்யப் பழக்கவும் தொடங்கினார்கள். குளிசை போட்ட மூன்றாம் நாள் காலை கூடத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தபிறகுதான் இடையில் எழும்பவில்லை என்பது தெரிந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை வருடம் என்று நினைத்ததும் வாய்விட்டு அழுதேன். அம்மா தேத்தண்ணியோடு ஓடிவந்தார்.

"தலைக்குள்ளை சத்தம் நிண்டிட்டுது அம்மா."

"என்ன சத்தம்?" என்று கேட்டார்.

ஒன்பது வயதில் டொக்டருக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லத் தொடங்கினேன். கழுத்துப்பட்டியைச் சொன்னேன், பக்கத்து வகுப்பைச் சொன்னேன், கோயிலில் கும்பிட்டதுக்கு வந்தபோது அம்மா கையை உயர்த்தி, "காணும் பிள்ளை, இனிச் சொல்லாதை" என்று தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அம்மாவால் கேட்க முடியாத மிச்சத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.