மாமன் செய்த மூன்றாவது பெடல்

ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். இன்றைக்கு ஆவாரம்பாளையத்தில் என் பட்டறையில் ஆறு ஆர்கான் வெல்டிங் மெஷின் ஓடுகிறது. இன்ஜினியரிங் படித்த பையன்கள் என்னிடம் வந்துதான் சந்தேகம் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு மெஷினின் கால் பெடல் போய்விட்டது. வாங்கலாமா, நாமே செய்யலாமா என்று என் மகன் செல்போனில் விலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இதே கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது அவனுக்குத் தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவின் தம்பி, என் மாமன், அலுமினியம் ஒட்டுவதில் மன்னன். மீன் செதிலை வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கும் அவர் ஒட்டிய இடம். இத்தனை வருடத்தில் நானும் எத்தனையோ கைகளைப் பார்த்துவிட்டேன், அந்தக் கைக்கு எதுவும் ஈடாக வரவில்லை, என்னுடையது உட்பட. ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு அப்பாவோடு கூட்டுச் சேர்ந்தார். அம்மாவின் சங்கிலியை விற்று, மூடிப்போன மில் ஒன்றில் பழைய ஆர்கான் மெஷினை ஏலத்தில் எடுத்தார்கள். மெஷின் வந்தது, பெடல் வரவில்லை.

அந்த வேலையில் ஒரு கையில் நெருப்பு கக்கும் டார்ச், மறு கையில் உருக்கி ஒட்டும் கம்பி. கரண்டைக் கூட்டவும் குறைக்கவும் கால்தான் மிச்சம். அலுமினியம் சூடேறச் சூடேறக் காலை மெல்ல எடுத்துக்கொண்டே வர வேண்டும். கொஞ்சம் பிந்தினால் ஓட்டை.

வால்பாறையில் ஒரு தேயிலை பாக்டரியில், இலையை வாட வைக்கும் பெரிய காற்றாடிகளின் அலுமினிய இறக்கைகள் விரிசல் விட்டிருந்தன. அங்கிருந்த மெக்கானிக் நான்கு இறக்கைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்துப் போனார். ஒரு மாதத்தில் சரியாக ஒட்டிக் காட்டினால் எஸ்டேட் வேலை முழுக்க எங்களுக்கு. இல்லையென்றால் மெஷினை விற்றுவிட்டு மாமன் மறுபடியும் யாரிடமாவது கூலிக்குப் போக வேண்டியதுதான்.

"மெட்ராஸ்ல ரெண்டாயிரத்தி எண்ணூறு சொல்றான் மாப்ள. கடன ஒடன வாங்கியாச்சும் வாங்கிப்போடலாம்" என்றார் அப்பா.

"எதுக்குங்க மாமா அவ்வளவு? முந்நூறு ரூவாயில நானே செஞ்சுபோடறனுங்க" என்றார் மாமன்.

உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஸ்கூட்டர் ஸ்பிரிங், ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு, ஒரு தகரப் பலகை. முதல் பெடல் தயார். மிதித்து ஒட்டியதில், சோதனைக்கு எடுத்த அலுமினியத் தகடு சல்லடையானது. ஸ்பிரிங் லேசு என்று சொல்லி, அடுத்ததற்கு லாரி கிளட்ச்சில் இருப்பதைப் போலக் கனமான ஸ்பிரிங்கைப் போட்டார். அதுவும் சல்லடை. அப்பா சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கூட்டல் போட்டுக் காட்டுவார்.

"அறுநூத்தி எழுவது ஆச்சு மாப்ள. இப்படியே போனா வாங்கறதே மலிவாப் போயிரும்."

"திங்கறப்பவாச்சும் அந்தப் பெடல உடுங்க" என்பாள் அம்மா.

கடைசியில் அப்பா பீளமேட்டில் தெரிந்த கம்பெனியில் கெஞ்சி, ஒரு நாளைக்கென்று நல்ல பெடலை இரவல் வாங்கி வந்துவிட்டார். மாமன் முகம் செத்துவிட்டது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து மிதித்தார். நான் கறுப்புக் கண்ணாடியை முகத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். வாங்கின பெடலிலும் ஓட்டைதான் விழுந்தது. உருகிய அலுமினியம் ஒரு சொட்டு, மேசை விளிம்பு வழியாக அவர் வலது பாதத்தின் மேல் விழுந்தது. தோல் பொசுங்குகிற வாடை வந்தது. மாமன் அசையவில்லை. முகமூடிக்குள் குனிந்தபடி அடுத்த கம்பியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். குடத்துத் தண்ணீரை அந்தக் காலில் ஊற்றினார். அப்போதுதான் மாமன் குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார்.

"வாங்கறதெல்லாம் வேண்டாம் மாப்ள. நாமளே செஞ்சுக்கலாம்" என்றார் அப்பா.

பழைய கம்பெனி வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமன் வலது காலில் வார்ப்பிரும்புத் துண்டு விழுந்து, கணுக்காலுக்குக் கீழே நரம்பு செத்துப்போயிருந்தது. எவ்வளவு மிதிக்கிறோம் என்பது அந்தக் காலுக்கே தெரியாது. ஸ்பிரிங்கைக் கனமாக்கினால் முழங்காலுக்காவது தெரியுமா என்று மனிதர் செய்து செய்து பார்த்திருக்கிறார். இடது காலிலும் யாருக்கும் தெரியாமல் பழகிப் பார்த்தாராம், பிடிபடவில்லை. வெளியே சொன்னால் எவன் நம்பி வேலை கொடுப்பான்? இதெல்லாம் எனக்கு மீசை முளைத்த பிறகு அப்பா சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் மாமனை நெருப்பு சுடாது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பெடலை இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள். அது தரையில் இல்லை. மேசைக்கு அடியில் கதவுக் கீலில் ஒரு இரும்புத் தகடு தொங்கியது. முழங்காலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். நான்கு இறக்கையும் மீன் செதிலாக வந்தன. அப்பா அதற்குப் பிறகு செலவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மெக்கானிக் வந்தார். மாமன் காலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்றார்.

"சும்மா, இரும்பு பட்டுருச்சுங்க" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க! உருகின அலுமினியம் உழுந்துச்சுங்க! எங்க மாமன் அசையவே இல்லீங்க. அந்தக் கால்ல அவருக்கு வலிக்கவே வலிக்காதுங்க!"

அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். மாமன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மெக்கானிக் மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். தகட்டை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்து ஒரு இறக்கையை எடுத்தார், ஒட்டின இடத்தில் கட்டைவிரலை ஓட்டினார், சுத்தியலால் லேசாகத் தட்டிக் காதில் வாங்கினார். நான்கையும் அப்படித்தான் பார்த்தார்.

"அடுத்த வாரம் பன்னெண்டு எறக்கை அனுப்பறனுங்க" என்றார். பிறகு மாமனிடம், "முட்டி படற எடத்துல ஒரு பஞ்சு வெச்சுக் கட்டிக்கங்க. நாளெல்லாம் இரும்பு அழுத்துமில்லீங்க" என்றார்.

நெருப்புக்கே அசையாத மனிதருக்குப் பஞ்சு எதற்கு என்று எனக்குக் கோபமான கோபம். ஆனாலும் மெக்கானிக்கை மன்னித்துவிட்டேன். நான் எடுத்துச் சொன்னதால்தான் அந்த வேலை கிடைத்தது என்று வெகு காலம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.