கெட்டிமேளமும் என் வீட்டுக்காரரும்

எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். மல்காஜ்கிரியில எங்க தெருவுல யாரைக் கேட்டாலும், பாமா வாயில விழாதேன்னுதான் சொல்லுவாங்க. ஆனா என் வீட்டுக்காரர் வரதராஜன்கிட்ட மட்டும் அந்தக் கோவம் செல்லாது. திட்டி முடிச்சதும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "ரெண்டாவதா சொன்னது சரி, மத்தது தப்பு"ன்னு சொல்லுவார். அதுக்கு மேல எங்க இருந்து சண்டை போடறது.

அவர் பொறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கதான். தாத்தா காலத்துல ரயில்வே வேலைக்குன்னு செகந்திராபாத் வந்த குடும்பம். இவருக்குத் தார்நாகாவுல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல மைக்ராஸ்கோப் ரிப்பேர் பாக்கற வேலை. பேச்சு கம்மி. கண்ணைப் பாத்துப் பேச மாட்டார், நம்ம காதைப் பாத்துத்தான் பேசுவார். சொல்லாம தொட்டா தூக்கிவாரிப் போடும். குக்கர் அடுப்புல ஏறினா அவர் மாடி ஏறிடுவார். சொந்தக்காரங்க அவருக்கு வெச்ச பேரு திமிர் புடிச்ச வரதன்.

எனக்குத் தெரியும் அவர் எப்படின்னு. சட்டைக் காலர்ல இருக்கிற லேபிள் அவருக்குக் குத்தும், பிரிச்சு எடுத்துடுவார். கல்யாணமான புதுசுல பாத்தா என் நைட்டி, ஸ்வெட்டர் எதுலயும் லேபிளைக் காணோம். என்னங்க இதுன்னு கேட்டா, "உனக்கும் குத்துமில்ல"ன்னார். அதைவிட ஆசையா அந்த மனுஷன் என்கிட்ட எதுவும் சொன்னதில்ல. எனக்கு அது போதும்.

எங்க ஒரே பொண்ணு வித்யாலட்சுமிக்கு நிச்சயதார்த்தம் வெச்சோம். தட்டு மாத்தற நேரத்துல மேளக்காரங்க திடீர்னு அடிச்சாங்க பாருங்க, இவர் தட்டை என் தம்பி சந்தானம் கையில திணிச்சுட்டுப் பின்வாசல் வழியாப் போயிட்டார். தேடிப் போனா, பார்க்கிங்ல ஸ்கூட்டருக்கும் சுவருக்கும் நடுவுல காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கார். சம்பந்தி வீட்டு முகமெல்லாம் சுருங்கிப் போச்சு. சந்தானம் நல்ல எண்ணத்துலதான் சொன்னான்: "அக்கா, முகூர்த்தத்துல மாமா எழுந்து போயிட்டா மானம் போயிடும். தாய்மாமன் நான் உக்காந்து தாரை வாத்துக் குடுத்துடறேன்."

வித்யா ஒரே வார்த்தையில முடிச்சா. "நக்கோ மாமா, வேண்டாம். அப்பா உக்காரட்டும். இல்லன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறோம்."

இவர் அன்னைக்கு ராத்திரி வெறும் மோரைக் குடிச்சுட்டுப் படுத்துட்டார். பெத்த பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்க ஆசை இல்லாத அப்பன் உண்டா? பாதியில எழுந்து போயிடுவோமோன்னு அவருக்கே பயம்.

வித்யாவோட ஆபீஸ்ல ஃபாத்திமான்னு ஒரு பொண்ணு. அவ பையனுக்கு ஆட்டிசம். அவ பையனைப் பத்திச் சொல்லச் சொல்ல, இது நம்ம அப்பா மாதிரியே இருக்கேன்னு வித்யாவுக்குத் தோணியிருக்கு. ஒருநாள் வந்து அப்பாகிட்ட நேராவே சொல்லிட்டா. நான் கொதிச்சுப் போயிட்டேன், பெத்த அப்பனுக்கு வியாதிப் பேரு வெக்கிறியாடின்னு. "வியாதி இல்லம்மா, மூளை வேலை செய்யற விதமே பொறவியிலருந்து வேற"ன்னா. இவர் அவ போனை வாங்கி, அதுல ஆட்டிசத்தைப் பத்தி இருந்ததைத் திரும்பத் திரும்பப் படிச்சார். "யார்கிட்டயாவது காட்டணும்"னார். கல்யாணமான நாளா அவர் தனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான்.

ஆரம்பிச்சுது அலைச்சல். ஊர்ல சென்டருக்குப் பஞ்சமில்ல, எல்லாம் குழந்தைகளுக்கு. போன் பண்ணா, "பாபுக்கு என்ன வயசு?"ன்னு தெலுங்குல கேப்பாங்க, பாபுன்னா சின்னப் பையன். "ஐம்பத்தேழு"ம்பேன். "மாசமா?"ம்பாங்க. "வருஷம் தாயே, மீசை நரைச்சாச்சு"ம்பேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு வெச்சுடுவாங்க. ஒரு பெரிய டாக்டர், பேரு வேண்டாம், "கல்யாணம் ஆயிருக்கு, வேலைக்குப் போறார், அப்புறம் என்ன ஆட்டிசம்?"னு கேட்டுட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். "தூக்கத்துல இருக்கறது நீங்கதான் டாக்டர், எங்களுக்கு எதுக்கு மாத்திரை"ன்னு சொல்லிட்டு எழுந்து வந்தேன்.

கடைசியில ஃபாத்திமாவே விசாரிச்சுச் சொன்னா, உப்பல் பக்கம் ரக்ஷிதான்னு ஒரு சைக்காலஜிஸ்ட் பெரியவங்களையும் பாக்கறாங்கன்னு. போனோம். அங்கயும் வெளிய எல்லாம் குட்டி நாற்காலி, சுவர்ல யானை, முயல். என் ஆறடி மனுஷன் முட்டி மோவாயில இடிக்க ஒரு மஞ்ச நாற்காலியில உக்காந்திருந்தார். பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு மர வளையத்தை அடுக்கிட்டிருந்தா. ஒண்ணு உருண்டு வந்துது, இவர் எடுத்து நீட்டினார், அவ வாங்கிக்கிட்டா. ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துக்கல, ஆனா நல்லா ஒத்துப் போச்சு.

ரக்ஷிதாவுக்கு வித்யா வயசுதான் இருக்கும். "லைட்டைக் குறைக்கட்டுமா சார்? ஃபேன் சத்தம் பரவாயில்லையா?" இதுதான் அவ மொதல்ல கேட்டது. அதை இவர்கிட்ட அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, நான் உட்பட. பல தடவை போனோம். சின்ன வயசுல இவரைப் பாத்தவங்க கூடப் பேசணும்னு அவ கேட்டதும், திருச்சியில இருக்கிற இவர் அக்காவுக்குப் போன் போட்டோம்.

அக்கா சொன்னாங்க: "தீபாவளின்னா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவான். எங்கம்மா தட்டை அங்கேயே தள்ளி விடுவாங்க. ஆனா ஒண்ணு, அவனே பத்த வெச்ச வெடிக்கு மட்டும் அசைய மாட்டான். பக்கத்துலயே நிப்பான்." அந்தக் கடைசி வரியை ரக்ஷிதா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டா.

எல்லாம் முடிஞ்சு ஒருநாள் சொன்னா: "ஆமா சார், ஆட்டிசம்தான். சின்னதுலருந்தே இருந்திருக்கு. அப்ப யாருக்கும் தெரியல."

இவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "அப்ப திமிர் இல்ல"ன்னார்.

"இல்ல சார்."

"எங்கப்பா அதுக்குத்தான் அடிப்பார்"னார். எனக்கு அழுகை வந்துடுச்சு. வந்தா வரட்டும்னு அழுதேன்.

அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசினாங்க. உக்காந்து எழுந்துக்க ஓரமா ஒரு ரூம், காதுக்குப் பஞ்சு, வர்றவங்க கையைக் குலுக்காம கும்பிட்டுட்டுப் போகட்டும். "எதுக்கு ரொம்பப் பயப்படறீங்க சார்?"னு கேட்டா. "கெட்டிமேளம். எப்ப அடிப்பாங்கன்னு தெரியாது"ன்னார். தெலுங்குக் கல்யாணத்துலயும் அது உண்டே, அவளுக்குப் புரிஞ்சுது. "அக்கா சொன்ன வெடியை யோசிச்சுப் பாருங்க சார்"னு மட்டும் சொல்லி அனுப்பினா.

யோசிச்சார், யோசிச்சார். ஒரு நாள் காலையில தோசை ஊத்திட்டிருக்கேன், வந்து நின்னு என் காதைப் பாத்துக் கேக்கறார்: "பாமா, மேளத்துக்கு விரலை நான் காட்டட்டா?"

எனக்குப் புரியறதுக்குள்ள ஒரு தோசை தீஞ்சு போச்சு. சபையில பெரியவர் யாராவது ஆள்காட்டி விரலை ஆட்டினாத்தானே கெட்டிமேளம் அடிப்பாங்க? அந்த விரல் இவர் விரலா இருந்தா, அது இவரே பத்த வெச்ச வெடி.

"பொண்ணோட அப்பா விரல் காட்டற வழக்கம் இல்லையே அக்கா"ன்னான் சந்தானம். "வழக்கத்தை நான் பாத்துக்கறேன், நீ மேளக்காரங்களைப் பாத்துக்கோ"ன்னேன். அவனும் தங்கமான பையன். மாமா விரலைத் தவிர யார் விரலுக்கும் வாசிக்கக் கூடாது, அது இறங்கற வரைக்கும் நிறுத்தவும் கூடாதுன்னு கறாராப் பேசிட்டு வந்தான்.

முகூர்த்தத்தன்னைக்கு, லேபிள் பிரிச்ச பட்டுச்சட்டை, காதுல பஞ்சு. தாரை வாக்கறப்போ இவர் பாதித் தண்ணியை என் புடவையில கொட்டினார். ஆனா உக்காந்திருந்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்தார். ஐயர் இவரைப் பாத்தார். தவில்காரர் குச்சியைத் தூக்கிக்கிட்டு இவரையே பாத்தார். இவர் பின்வாசலைப் பாத்தார்.

எனக்கு உசிரே போச்சு. சந்தானத்தோட விரல் பாதி எழும்பிச்சு. நான் முறைச்சதுல இறங்கிடுச்சு. மண்டபமே காத்துக்கிட்டிருக்கு. வித்யா குனிஞ்ச தலை நிமிராம, "அவசரமில்லப்பா"ன்னா.

இவர் அவளைப் பாத்தார். அவ நிமிர்ந்தா. காதை இல்ல, கண்ணைப் பாத்தார். விரல் எழும்பிச்சு.

மேளம் இடியா இறங்கிச்சு. இவர் அசையல. மூணு முடிச்சும் விழுந்தாச்சு, அட்சதையும் போட்டாச்சு, விரல் மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. நாதஸ்வரக்காரர் மூச்சு முட்டி, முகம் செவந்து என்னைப் பாக்கறார். கூட்டம் சிரிக்க ஆரம்பிச்சுடுச்சு. வித்யா அழுதுக்கிட்டே சிரிக்கிறா. நான் இவர் பஞ்சுக் காதுகிட்டக் குனிஞ்சு, "போதுங்க, இறக்குங்க"ன்னு கத்தினேன்.

"இரு பாமா"ன்னார். "இன்னும் கொஞ்சம் வாசிக்கட்டும்."