நீலப் பொத்தான் கம்பி

புதன்கிழமை காலை, துணிச் சோதனை மேசையில் நின்றிருந்தபோது கமலம்மா போனில் அழைத்தார். "அவரு போயிட்டாருங்க. காப்பி குடிச்சிட்டு உட்காந்தாரு, அவ்வளவுதானுங்க." அவர் கணவர், பின்னல் இயந்திர ஃபிட்டர் துரைசாமி. ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. போவதிலும் மனுஷன் முந்திக்கொண்டாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்தக் கம்பியை வளைத்தது நான்தான் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லையே என்பது அடுத்துத் தோன்றியது. வீரபாண்டியில் அவர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடிய உங்கள் எல்லோரிடமும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்த மாடியில் நாம் சேர்ந்து அமைத்த குட்டி ரயில் உங்களுக்குத் தெரியும். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்தான் பாயிண்ட். அதைத் திருப்ப, ஏற்றுமதி வேலையாக ஜெர்மனி போனபோதெல்லாம் நான் குட்டி மோட்டார்கள் வாங்கிவந்தேன். அவர் சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை எடுத்தார். ரேடியோக் கடை ஸ்லைடு சுவிட்சின் குமிழில் துளை போட்டு, கம்பியைச் செருகி, ஒரு முனையைப் பாயிண்டில் மாட்டி, மறுமுனையைப் பலகைக்கு அடியில் ஓட்டி, விளிம்புக்கு வெளியே நீட்டினார். நுனியில் ஒரு டி-சர்ட் பொத்தான். இழுத்தால் பாயிண்ட் திரும்பும். அதே இழுப்பில் மின்சாரமும் மாறும். "பாயிண்ட் விழுந்துச்சான்னு கைக்குத் தெரியோணுமுங்க" என்பார். என் மோட்டார் 'டிக்' என்று சத்தம் மட்டும் போடும். பாதி நேரம் திரும்பாது.

பார்க்க வந்த பிள்ளைகள் எல்லாம் அவர் பக்கம்தான் வரிசையில் நின்றார்கள். சிவப்புப் பொத்தான் எனக்கு, மஞ்சள் எனக்கு என்று ஒரே அடிதடி. என் சொந்த மகளே, "உங்களது வெறும் சுவிட்சுப்பா. மாமாவோடதுதான் ரயில்வே மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய சாமானை, பழைய சைக்கிள் கடைக் கம்பி தோற்கடித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் மாலை. அவர் டீ வாங்கக் கீழே போனார். நான் பலகைக்கு அடியில் புகுந்து, மலைப்பாதைப் பாயிண்டின் கம்பியைக் குறடால் வளைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் கொண்டுவந்த டீயையும் குடித்தேன்.

மறுநாள் வண்டி அந்த இடத்தில் தடம் புரண்டுகொண்டே இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. "வண்டிக்குக் களைப்புங்க கண்ணுகளா, தூக்கி உடுங்க" என்றார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இன்ஜினைத் தூக்கிவைக்கப் புதிதாக ஒரு வரிசையே உருவாகிவிட்டது! என் மோட்டார்கள் அன்று ஒழுங்காக வேலை செய்தன. ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் புதுக் கம்பி போட்டிருந்தார். கூடவே இடது ஓரத்தில் நீலப் பொத்தானோடு இன்னொரு கம்பி. "இது உங்களுக்குங்க. எடக்கைக்கு வாகா வெச்சிருக்கேன்." நம் கூட்டத்தில் இடக்கைக்காரன் நான் ஒருவன்தான். மரியாதை செய்கிறார் என்று எண்ணி உள்ளூரக் குளிர்ந்துபோனேன்.

கருமாதி முடிந்ததும் கமலம்மா, "ஒருக்கா வண்டிய ஓட்டுங்க, அவரு ஆசப்படுவாரு" என்றார். மலைப்பாதைப் பாயிண்டில் திருகு தளர்ந்திருந்தது. இடது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு அடியில் புகுந்தேன். வலது கை அங்கே எட்டவில்லை. மேசைக் காலும் சுவரும் மறித்தன. எப்படிப் புரண்டாலும் இடது கை மட்டும்தான் அந்த இடத்துக்குப் போகும். அங்கே கம்பியை வளைத்தவன் இடக்கைக்காரன் என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கும். துணியில் கோடு விழுந்தால் இயந்திரத்தின் ஆயிரம் ஊசிகளில் எது வளைந்தது என்று கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். "எந்த ஊசின்னு துணியே சொல்லீருமுங்க" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

வெளியே வந்து கமலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியுமுங்க. உங்கள ஏன் ஒரு வார்த்த கேக்கலைன்னு அவருகிட்ட நானே சண்ட போட்டேன். 'எடக்கைக்கு ஒண்ணு வெக்காம உட்டது என்னோட தப்பு'ன்னு சொல்லிப்போட்டாருங்க."

நான் என் மோட்டார்களைக் கழற்றவில்லை. அந்த அளவுக்குத் திருந்தவில்லை. துரைசாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நீலப் பொத்தான் கம்பி. ஞாயிறுதோறும் போய் இழுக்கிறேன். பாயிண்ட் விழுவது கைக்குத் தெரிகிறது. இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவர் கம்பியை நான் வளைத்தேன். என் கம்பியை அவர் வளைத்திருந்தால், நான் ஊரையே கூட்டியிருப்பேன்.