அடுப்பு திறக்கும்வரை வாழ்த்து இல்லை

ஜெர்மனியின் வோல்ஃபன் ஊரில் ரோஸ்விதா முறைத்தால் சூரியனே கூச்சப்பட்டு மேகத்துக்குள் ஒதுங்கிவிடும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். அந்த ஊர்ச் சூரியன் பாதி நாள் மேகத்துக்குள்தான் கிடக்கும். அவள் முறைப்பும் பாதி நாள் உண்டு. இரண்டும் அடிக்கடி சேர்ந்து வரும், அவ்வளவே.

பதினேழு வயதில் ஃபிலிம் ஆலையில் சேர்ந்தவள். வெளிச்சம் பட்டால் சரக்கு பாழ் என்பதால் எல்லா வேலையும் கும்மிருட்டில். இருட்டில் மோதி மோதியே மார்லிஸ் அவளுக்குத் தோழியானாள். கிழக்கும் மேற்கும் சேர்ந்து நாடு ஒன்றானபின் அந்த ஆலை படுத்தது. அப்புறம் ஊருக்குள் சூரிய மின்தகடு ஆலை வந்தது. இருட்டில் பிழைத்த இருவரும் வெயிலை நம்பிப் போனார்கள். சீனத்துத் தகடு பாதி விலைக்கு வந்து இறங்கியதும் அதற்கும் பூட்டு.

பூட்டுக்கு ஊரார் ஆயிரம் காரணம் சொன்னார்கள். ரோஸ்விதாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திங்களன்று வரவேண்டிய ஆலையின் பத்தாண்டு விழாவை, வசதிக்காக வெள்ளியன்றே கொண்டாடிவிட்டார்கள். பிறந்தநாள் வாழ்த்தைக்கூட முந்திச் சொன்னால் ஆகாது என்று நினைக்கிற ஊர் அது. பிந்திச் சொல்லலாம், முந்தக் கூடாது. விளங்குமா?

பல வருடம் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்து முதுகைத் தொலைத்தாள். அதற்குள் ஊர் நீச்சல் குளத்துக் கூரையில் இருந்து நீரைச் சூடாக்கிய வெளிநாட்டுத் தகடுகளை ஆலங்கட்டி மழை நொறுக்கியது. மாற்றுத் தகடு இதோ வருகிறது என்றார்கள். கப்பல் வரவில்லை, குளம் சில்லிட்டுக் கிடந்தது. பழைய ஆலையை ஹென்ரிக் லிண்டிக் என்ற இளைஞர் மறுபடி திறந்தபோது, குளத்துச் சங்கத் தலைவி ஆடல்ஹைட் வாக்குக் கொடுத்தாள்: முதல் தகடு பழுதில்லாமல் வந்தால் கூரை முழுவதும் உங்களுக்கு; விரிசல் இருந்தால் மறுபடி கப்பலுக்கே காத்திருப்போம். ஆலைக்கு வேறு ஆர்டர் கிடையாது. மார்லிஸோடு அங்கே திரும்பிச் சேர்ந்த ஐம்பத்தேழு வயது ரோஸ்விதாவுக்கு வேறு ஆலை கிடையாது.

அந்த நாளும் வந்தது. கண்ணாடியையும் வெயிலை மின்சாரமாக்கும் சில்லுகளையும் ஒட்டவைக்கும் பெரிய அடுப்புக்குள் முதல் தகடு போனது. அடுப்புக் காவல் ரோஸ்விதா. மேஜையில் மார்லிஸ் சுட்ட பிளம் கேக், துணி போர்த்தி. லிண்டிக் நுரைக்கும் ஒயின் புட்டியைக் கையில் எடுத்துவிட்டார். தலைவிக்கு ரயிலுக்கு நேரமாகிறதாம். இப்போதே ஒரு வாழ்த்துச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளலாமாம்.

"புட்டியைக் கீழ வைங்க."

அவர் சிரித்தார். "இது அடுப்பு, ரோஸ்விதா. காது கேக்காது."

"போன தடவையும் எல்லாரும் இப்படித்தான் சிரிச்சீங்க. எனக்கு அஞ்சாவது வேலை யாரு தருவா? நீங்களா?"

அவர் போன தடவை பள்ளிக்கூடப் பையன். அதைச் சொல்லிக் காட்டாமல் புட்டியை வைத்துவிட்டார். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், அடுத்த ரயிலில் போவதாகச் சொல்லி உட்கார்ந்தாள்.

அடுப்பு திறந்தது. தகட்டை இருட்டறைக்குள் கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சினார்கள். கேமரா திரையில் காட்டும் படத்தில் நல்ல சில்லு ஒளிரும். விரிசல் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டு ரோஸ்விதாவுக்குப் பழகியதுதான். ஆனாலும் மார்லிஸின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். திரை மெல்ல வெளுத்தது. கட்டம் கட்டமாக ஒரே சீராய் ஒளிர்ந்தது. ஒரு மயிரிழைக் கறுப்புகூட இல்லை.

"கூரை உங்களுக்குத்தான்" என்றாள் ஆடல்ஹைட்.

ஒயின் நுரைத்தது. கேக் மேல் கிடந்த துணி விலகியது. ரோஸ்விதாவுக்கு வாய் நிற்கவில்லை. படம் தெளியும்வரை தன் நாக்கில் ஒரு கேக்குத் துணுக்குகூடப் படவில்லை என்றும், அந்தக் கட்டுப்பாடுதான் ஆலையைக் காப்பாற்றியது என்றும் தலைவியிடம் அளந்துகொண்டிருந்தாள்.

மார்லிஸ் கேக் தட்டை முன்னால் நகர்த்தினாள். ஓரத்தில் ஒரு துண்டு ஏற்கனவே காணோம்.

"அடுப்பு மூடினதுமே பதட்டத்துல இதைத் தின்னவ நீதாண்டி. பாத்துட்டுத்தான் இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை நீ கேக்கைத் தொடவே இல்ல, ஆலை மூடிடுச்சு. இன்னைக்கு முந்தியே தின்ன, படம் சுத்தமா வந்திருக்கு. கேக்கு மேல பழி போடாத."