வாசலில் நிறுத்துகிற சௌந்தரம்

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சௌந்தரம் அம்மா நடத்துகிற இல்லம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் வழி சொல்வார். சொல்லிவிட்டு, "திமிர் புடிச்ச அம்மா சார், பார்த்துப் பேசுங்க" என்று கூடவே ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுப்பார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். முதல் நாள் வாசலில் நின்றபோது, அவர் சொன்னது கம்மி என்று நினைத்தேன். இன்றைக்கு அந்த அம்மாவைப் பற்றி யாராவது தப்பாக ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொறுக்காது. போன வாரம்கூட ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரியிடம் இதற்காகச் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

என் பெயர் ஆபித் பாஷா. ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். நான் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்ற நினைப்பு எனக்கு உண்டு, வீட்டில் அது செல்லாது. என் தம்பி கவுஸுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஆட்டிசம் உள்ளவன், பேச்சு வரவில்லை. அம்மி, அதாவது எங்கள் அம்மா, குளிப்பாட்டினால் குளிப்பான், அம்மி பிசைந்து வைத்தால் சாப்பிடுவான். போன வருஷம் அம்மி பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்து நடக்கிறார்கள், அவ்வளவுதான். வாட்டசாட்டமான ஆண்பிள்ளையைக் குளிப்பாட்டுவது இனி அவர்களால் ஆகாது. நான் முயன்று பார்த்தேன். பக்கெட்டோடு நான் வருவதைப் பார்த்தாலே தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான்.

"நான் கண்ணை மூடறதுக்குள்ள இவனுக்கு ஒரு எடம் பாரு பேட்டா. எங்கேயோ தள்ளிவிடற எடம் இல்ல, இவன் இருக்கிற எடம்" என்றார் அம்மி. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் பார்த்தது வேலூர்ப் பக்கம் ஓர் இல்லம். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரே நிற டீ-ஷர்ட்டில் இருபது ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பாளர் கையைத் தட்டியதும் "குட் மார்னிங் அங்கிள்" என்றார்கள். அன்று யாரோ ஒரு வக்கீல் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள், அத்தனை பேரும் கைதட்டிப் பாடினார்கள், வக்கீல் குடும்பம் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற நாளில் எங்கள் ஃபேக்டரியும் இப்படித்தான் மின்னும். யார் எங்கே உட்கார வேண்டும், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் முதல் நாளே பாடம் நடந்திருக்கும், நடத்துகிறவனே நான்தான். அப்படிப்பட்ட நானே அங்கே மயங்கிப்போய், அருமையான இடம் என்று அம்மியிடம் வந்து சொன்னேன்.

"யாராவது சத்தம் போட்டாங்களா?" என்று கேட்டார் அம்மி.

"இல்ல அம்மி, கப்சிப்."

"ஒருத்தர்கூடவா? நம்ம கவுஸ் மாதிரி இருபது பேரு, ஒருத்தன்கூட சத்தம் போடலைன்னா, அவங்களை இன்னா பண்ணி வெச்சிருக்காங்களோ. வேணாம்."

எனக்குப் பேஜாராகிவிட்டது. சத்தம் போட்டாலும் குறை, போடாவிட்டாலும் குறை என்றால் நான் எங்கே போவது?

அந்தச் சமயத்தில்தான் என் லைனில் தைக்கிற சங்கீதா, சௌந்தரம் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். என் தந்தை இறந்த நாளின் வருஷ ஃபாத்திஹா பக்கத்தில் வந்தது. அன்றைக்கே பெரிய அண்டாவாக ஒரு தேக்சா பிரியாணியோடு போனால் சவாப், அதான் புண்ணியமும் ஆச்சு, இடத்தைப் பார்த்ததும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். பிறந்தநாளோ இறந்த நாளோ, ஏதாவது ஓர் இல்லத்துக்குப் போய்க் கையால் பரிமாறிவிட்டு வந்தால்தான் மனசு நிறையும். பின்னால் லோடு ஆட்டோவில் தேக்சா, முன்னால் காரில் அம்மி, கவுஸ், நான்.

கேட்டைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார், கையெல்லாம் சோப்பு நுரை.

"இன்னா பாய் இது?"

"பிரியாணிம்மா. எங்கப்பாவோட வருஷ ஃபாத்திஹா. பசங்களை எல்லாம் வரிசையா உட்கார வெச்சீங்கன்னா, ஒரு துஆ ஓதிட்டு என் கையால பரிமாறிடுவேன்."

"பசங்க யாரும் இங்க இல்ல பாய், எல்லாம் பெரியவங்க. இன்னிக்கு சாம்பார்னு காலைலயே படத்தைக் காட்டிச் சொல்லிட்டேன். இப்போ மாத்தினா தாங்க மாட்டாங்க. குடுக்கணும்னா முன்னாடியே போன் பண்ணிட்டு, பின்பக்கம் சமையல்கட்டுல குடுத்துட்டுப் போங்க. வேணும்ன்றவங்க சாப்பிடுவாங்க. வரிசைல யாரும் உட்கார மாட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சோறு போட வந்தவனை வாசல்லயே நிக்க வெக்கிறீங்களே, நல்லா இருக்காம்மா?"

"உங்க வூட்ல சாப்பிடற நேரத்துல முன்னபின்ன தெரியாத ஆளு தேக்சாவோட வந்து, எல்லாரும் எழுந்து கும்பிடுங்கன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். அப்போது காருக்குள்ளிருந்து அம்மியின் குரல் வந்தது.

"எங்கேயும் போக வேணாம் பேட்டா. இதான் எடம்."

"அம்மி, அவங்க சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். அதனாலதான் சொல்றேன். நம்ம வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் இவன் கன்னத்தைக் கிள்ளுவாங்க. வாயில மிட்டாயைத் திணிப்பாங்க. தலைமேல கை வெச்சு ஓதுவாங்க. பாசம்தான், இல்லைன்னு சொல்லல. இவன் கையைக் கடிச்சுக்குவான். விடுங்க, அவனுக்குப் புடிக்கலைன்னு ஒருத்தர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்ல. இந்தம்மாவுக்கு வருது பாரு."

அன்றைய பிரியாணி ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் தீர்ந்தது. திமிர் பிடித்த அம்மா என்று சொன்ன டீக்கடைக்காரர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

கவுஸுக்கு இடம் தேடி வந்ததை அம்மி சொன்னதும் சௌந்தரம் அம்மா எங்களை உள்ளே விட்டார். உள்ளே போய்ப் பார்த்தால், மின்னுகிற மாதிரி அங்கே எதுவும் இல்லை. முற்றத்தில் ஒருவர் கையை உதறிக்கொண்டே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார். எங்கிருந்தோ கதவைத் தட்டுகிற சத்தம் வந்தபடி இருந்தது. ஆளுக்கு ஓர் உடை, ஒருவருக்கொருவர் பொருத்தமே இல்லை. ஓர் அறையை எட்டிப் பார்க்கப் போன என்னைச் சௌந்தரம் அம்மா மறுபடியும் நிறுத்தினார். "அது பாண்டியன் ரூமு. இன்னிக்கு யாரும் வர வேணாம்ன்றார்." பாண்டியன் என்பவருக்கும் பேச்சு கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. அறை வாசலில் அவர் தன் செருப்பைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார், அதுதான் சேதி.

இடத்தைச் சோதிக்கப் போன எங்களைத்தான் அந்த அம்மா சோதித்தார். கவுஸின் மணிக்கட்டில் இருந்த காய்ப்பைத் தொடாமல் பார்த்துவிட்டு, "எப்போ கடிக்கிறார்?" என்று கேட்டார். யார் வந்தால், என்ன சத்தத்தில், குளிப்பதற்கு முன்பா பின்பா என்று அம்மியிடம் நெடுநேரம் விசாரித்தார். என் தம்பியை 'அவர்' என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அந்த அம்மாவின் கதையைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். பிறந்தது பக்கத்துக் கிராமத்தில், கல்லக்காய், அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற கூலிக் குடும்பம். கல்யாணமாகி, கம்பெனி பஸ் பிடித்து ஆம்பூருக்கு வந்து ஷூ தைத்தார். மகன் செல்வகுமாருக்கு ஆட்டிசம். கணவர் முனிரத்தினம் பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலை வேலையில் இருந்தவர், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்குப் பதினெட்டு வயதாகிச் சிறப்புப் பள்ளி முடிந்ததும், வேலைக்கும் போக வேண்டுமே என்று அவனை ஓர் இல்லத்தில் சேர்த்தார்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பார்க்கப் போனார். யாரோ ஒரு முன்பின் தெரியாத குழந்தையின் பிறந்தநாளுக்குச் செல்வகுமார் வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். பேண்ட் ஈரமாக இருந்தது. போட்டோ முடிகிறவரை யாரையும் நகர விடவில்லை. "என்னைப் பார்த்தும் அவன் கைதட்டறதை நிறுத்தல பாய். நிறுத்தினா இன்னா ஆவும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் என்னிடம். சொல்லும்போது அழவில்லை. கேட்ட நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இதே மாதிரிப் பிள்ளைகள் உள்ள இரண்டு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு ஒடுகத்தூரில் இந்த வீட்டைப் பிடித்தார். வாசலில் நிறுத்துகிற பழக்கம் அப்போது வந்ததுதான். அதனால் கோபித்துக்கொண்டு போன தர்மப் பிரபுக்கள் எத்தனையோ பேர். அரிசிக்குத் தட்டுப்பாடான மாதங்களும் உண்டு, ஆனாலும் யாரையும் வரிசையில் உட்கார வைத்ததில்லை.

கவுஸ் அங்கே சேர்ந்ததும் எல்லாம் இனித்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். முதல் மாதம் படாதபாடு. ஆனால் அந்தப் பாட்டை எங்களிடம் மறைக்கவில்லை. "இன்னிக்கு சாப்பிடல பாய்." "நேத்து என்னைத் தள்ளிவிட்டுட்டார், தப்பு என்மேலதான், அவசரப்படுத்திட்டேன்." போனில் இப்படித்தான் சேதி வரும். எல்லாம் சூப்பர் சார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கெட்ட சேதியைக் கேட்டு நிம்மதியாக இருந்தது என் வாழ்க்கையில் அப்போதுதான். அம்மி என்ன கேட்டாலும் நான் நிஜத்தைச் சொல்ல முடிந்தது.

பிறகு மெதுவாக மாறியது. பக்கெட்டைத் தானே தூக்கிக்கொண்டு போகிறார் என்றார்கள். பிசைந்து வைக்காவிட்டாலும் சாப்பிடுகிறார் என்றார்கள். அம்மியைக் கூட்டிக்கொண்டு போனபோது, மணிக்கட்டில் பழைய காய்ப்பு உதிர்ந்து புதுத் தோல் வந்திருந்தது. தோலைப் பார்த்தே பிழைக்கிற ஊர்க்காரன் நான். எத்தனையோ தோலைத் தடவிப் பார்த்திருக்கிறேன், எதைப் பார்த்தும் கண் கலங்கியதில்லை. அன்று கலங்கியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மிக்கு உடம்பு முடியாததால் நான் மட்டும் தனியாகப் போனேன். சௌந்தரம் அம்மா வழக்கம்போல உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"இன்னிக்கு வேணாம்ன்றார் பாய்."

"யாரு?"

"உங்க தம்பிதான். உங்க போட்டோவைக் காட்டினேன். பார்த்தார். என் கையைப் புடிச்சு வெளியே கொண்டாந்து விட்டுட்டுக் கதவைச் சாத்திக்கினார்."

"நான் அவன் அண்ணன்க்கா!"

"அண்ணன்தான் பாய், யாரு இல்லைன்னா? டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

அவ்வளவு தூரம் வந்தவன் நான். ஒரு நிமிஷம் பழைய கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சாத்திய கதவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கவுஸுக்கு ஒரு கதவு இருந்ததே இல்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அவனிடம் போகலாம், நான் உள்பட. டீயைக் குடித்துவிட்டு, அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மி எழுந்து உட்கார்ந்தார். "பார்த்தியா? எப்படி இருக்கான்?"

"பார்க்கல அம்மி. வேணாம்னுட்டான்."

"யாரு, கவுஸா?"

"அவன்தான். கதவைச் சாத்திட்டான்."

அம்மி இரண்டு கையையும் ஏந்தினார், உதடு மட்டும் அசைந்தது, கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பிறகு போனைப் போடச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டார்.

"சௌந்தரம், நான் ஜஹீருன்னிசா பேசறேம்மா. உடம்பு சரியானதும் வர்றேன். என்னையும் அவன்கிட்ட கேட்டுட்டே உள்ள விடும்மா."