ஆல்தோ வந்தால் பட் வராது

ஏழாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பேசவிட்டார். ஒருத்தி கேள்வி கேட்க வேண்டும். மற்றவள் பிகாஸ், ஆல்தோ, அன்லெஸ், அன்டில் என்று பலகையில் எழுதியிருந்த இணைப்புச் சொற்களில் ஒன்றைப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும். பிறகு, பார்ட்னர் சொன்னதை எழுந்து நின்று வகுப்புக்குச் சொல்ல வேண்டும். என் பார்ட்னருக்கு அந்த வாரம் பார்த்து அம்மை போட்டுவிட்டது. வீட்டில் யாருடனாவது பேசிப் பழகிக்கொண்டு வரச் சொன்னார் டீச்சர்.

எங்கள் வீட்டில் கல்லூரி வரைக்கும் போனவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் கடைசித் தங்கை. ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு, கடைசி வருஷம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் அப்பாவின் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார்ந்துவிடுவாள். ஒரு கை ராட்டையைச் சுற்றும், மறு கை வழியாகப் பட்டு நூல் ஓடிக்கொண்டிருக்கும். வாய் சும்மாதானே இருக்கிறது என்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்ளோவா வராதும்மா. நீதான் சொல்லித் தரணும்" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. அடிஸ்கேலை எடுத்துவந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். தமிழில் 'வந்தாலும்', 'வந்ததால்' என்று வாலில் ஒட்டுவதை இங்கிலீஷில் தலையில் வைக்க வேண்டும் என்று விளக்கினேன். ஆல்தோ என்று ஆரம்பித்தால் நடுவில் பட் வரவே கூடாது என்பதை ஸ்கேலால் தரையைத் தட்டிச் சொன்னேன். அத்தை ரொம்பப் பணிவாகத் தலையாட்டினாள்.

முதல் நாள் கத்தரிக்காய், மழை என்று பதில் வந்தது. மூன்றாம் நாளுக்குள் எதைக் கேட்டாலும் ஒரே இடத்தில் வந்து நின்றாள். ஏன் சோகமாக இருக்கிறாய் என்று கேட்டேன். "பிகாஸ் அண்ணா ஸேஸ் பி.எஸ்சி. இஸ் இனஃப்" என்றாள். பிகாஸ் சரியான இடத்தில் இருந்தது. நோட்டில் டிக் போட்டேன்.

அத்தைக்கு அப்போது செவிலிமேட்டிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்குக் கார் கம்பெனியில் வேலை. "நல்ல இடம்மா. மேல படிக்கிறேன், அது இதுன்னு பேசிக்கினு இருந்தா கைவிட்டுப் போயிடும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அத்தை எனக்கு ஒரு பெரிய வாக்கியம் கொடுத்தாள். அதில் ஆல்தோவும் இருந்தது, அன்டிலும் இருந்தது. ஒன்றிலேயே இரண்டு! டீச்சர் அசந்துபோவார் என்று எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அத்தை என்னை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் வந்தார்கள். பையன், அவன் அம்மா, இன்னும் இரண்டு பெரியவர்கள். கேசரி சாப்பிட்டு முடித்து, எல்லோரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பையனின் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, "பாப்பா, இங்கிலீஷ்ல எதுனா பேசிக் காட்டு" என்றார்.

அத்தை காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். நான் தப்பாகச் சொல்லி மானத்தை வாங்கிவிடுவேன் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டு, கையைக் கட்டி, மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ஆல்தோ தி பாய் இஸ் குட், மை ஆன்ட்டி வில் நாட் மேரி அன்டில் ஷி ஃபினிஷஸ் எம்.எஸ்சி."

பெரியவர்கள் கைதட்டினார்கள். அப்பா மட்டும் தட்டவில்லை. எம்.எஸ்சி. அவருக்குப் புரிந்துவிட்டது. பையன் டம்ளரைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்து மெதுவாக, "ஆல்தோ டூ இயர்ஸ் இஸ் லாங், பட் ஐ வில் வெயிட்" என்றான்.

"தப்பு!" என்றேன். "ஆல்தோ வந்தா பட் வரக் கூடாது."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னாடா சொல்லுது பாப்பா?" என்று அவன் அம்மா கேட்டார்.

"பையன் நல்லவன்தானாம். ஆனா எம்.எஸ்சி. முடிக்கிற வரைக்கும் கல்யாணம் வேணாமாம்" என்று அவனே தமிழில் சொன்னான்.

அப்பா எழுந்தே விட்டார். "சின்னப் பொண்ணுங்க, எதையோ உளறிக்கினு இருக்குது..."

"படிக்கட்டுமே!" என்றார் அந்த அம்மா. "நாங்களும் இன்னும் மாடி எடுத்து முடிக்கல. ரெண்டு வருஷம் ஆகத்தான் செய்யும். இப்போ வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்."

அப்பா மெல்ல உட்கார்ந்தார். "உங்களுக்குச் சரின்னா எனக்கு என்னாங்க" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் அம்மாவும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பையனுக்கு அந்த விதியை இன்னொரு முறை நிதானமாக விளக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் ஸ்கேலோடு அத்தைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். ராட்டையை நிறுத்தாமலே என் கன்னத்தைக் கிள்ளி, "இனிமே வேணாம்மா, போதும்" என்றாள்.

எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. இன்னும் அன்லெஸ் பாக்கி இருந்தது. சின்ஸ் ஆரம்பிக்கவே இல்லை. இப்படி எதையும் பாதியில் விடுகிற பெண் எம்.எஸ்சி.யை எப்படித்தான் முடிக்கப்போகிறாளோ என்று அன்றைக்கு முழுக்க உண்மையாகவே கவலைப்பட்டேன்.